உழைத்த காசைப் போனில் பறிகொடுக்க வேண்டாம்

(சப்ரகமுவ மாகாணத் தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிமார், இளைஞர் குழுவினர் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தெரணியகலை, எட்டியாந்தோட்டை, புலத்கொஹுபிட்டிய பக்கமிருந்தும், பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை பக்கமிருந்தும் ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். சங்கக் கூட்டம் என்றால் சம்பளம், வீடு, காணி, லயத்துக் கூரை என்றுதான் பேசுவோம். இன்றைக்குப் போனைப் பற்றிப் பேசப் போகிறோம். இது சங்கத்தின் வேலையா என்று சிலர் கேட்டார்கள். சங்கத்தின் வேலைதான். ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

எத்தனையோ வருஷப் போராட்டத்துக்குப் பிறகு 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. அந்தக் கணக்கில் 60,000 ரூபாய் சேர்க்க 44 நாளுக்கு மேல் மலைக்குப் போகவேண்டும். அதுவும் சாப்பாட்டுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு சதம்கூட எடுக்காமல் இருந்தால்தான். அட்டைக் கடியிலும் மழையிலும் 44 நாள் கொழுந்து எடுத்த காசு, இல்லாவிட்டால் விடியலுக்கு முன் எழும்பிப் பால் வெட்டிய காசு, போனில் ஒரு நம்பரைச் சொன்னதும் 2 நிமிஷத்தில் போய்விடுகிறது. சம்பளத்தைக் கூட்டிக் கேட்பது சங்கத்தின் வேலை என்றால், வாங்கிய சம்பளத்தைக் களவு போகாமல் காப்பதும் சங்கத்தின் வேலைதான்.

நம் பாட்டன்மார் காலத்தில் தராசில் களவு நடந்தது. கொழுந்து நிறுக்கும்போது கிலோவைக் கழித்தார்கள். நாம் தராசைப் பார்க்கப் பழகினோம், துண்டைக் கேட்கப் பழகினோம், கூட்டமாக நின்று கேள்வி கேட்கப் பழகினோம். பிறகுதான் அந்தக் களவு குறைந்தது. இப்போது போனுக்கும் அதே பழக்கம் வேண்டும்.

போன் நம் லயத்துக்கு எப்படி வந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். பாடம் வட்ஸ்அப்பில் வரும் என்றார்கள். கடன் பட்டு, நகையை அடகு வைத்து, பெற்றோர் போன் வாங்கிக் கொடுத்தார்கள். சிக்னலுக்காகப் பிள்ளைகள் மலை உச்சிக்கு ஏறினார்கள். ஆசிரியராக இருக்கும் நாங்கள் அதைக் கண்ணால் பார்த்தவர்கள். போன் வந்தது; அதை எப்படிக் காவல் காப்பது என்று சொல்லிக் கொடுக்க ஒருவரும் வரவில்லை. அந்தப் பாடத்தைத்தான் இன்றைக்குப் படிக்கிறோம்.

முதலில் கொடுப்பார்கள், பிறகு பிடுங்குவார்கள்

2024-ல் நம் நாட்டில் நடந்த ஒரு விஷயத்திலிருந்து தொடங்குவோம். ஒருவரை வட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்த்தார்கள். பேஸ்புக், யூடியூப் மாதிரி இடங்களில் 'லைக்' போட்டால் காசு தருவோம் என்றார்கள். முதலில் சொன்னபடி காசும் வந்தது. நம்பிக்கை வந்த பிறகு, இனி நீங்கள் கொஞ்சம் வைப்பிலிட வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். போட்ட காசு திரும்பி வரவில்லை. அவர் வெட்கப்பட்டு வீட்டில் இருந்துவிடாமல் முறைப்பாடு கொடுத்தார். குற்றப் புலனாய்வுத் திணைக்களம் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனது. 2024 ஜூன் மாதக் கடைசியில் நீர்கொழும்பு, மடிவல, பத்தரமுல்லை ஆகிய இடங்களில் வாடகை வீடுகளைச் சுற்றி வளைத்து 137 இந்தியரைக் கைது செய்தார்கள். அதே வருஷம் ஒக்டோபரில் கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் ஒரு ஹோட்டலில் 120 சீனர் பிடிபட்டார்கள். அங்கே இருந்து நூற்றுக்கணக்கான போன்களை எடுத்தார்கள்.

இதில் மூன்று விஷயத்தைக் கவனியுங்கள்.

ஒன்று, நம்மை ஏமாற்ற உட்கார்ந்திருப்பவர் தனி ஆள் இல்லை. அது ஒரு தொழிற்சாலை மாதிரி. கதை எழுத ஓர் ஆள், பேச ஓர் ஆள், காசை மாற்ற ஓர் ஆள். பட்டம் படித்தவர்களும் வங்கியில் வேலை செய்தவர்களும்கூட அதில் விழுகிறார்கள். அதனால் ஏமாந்த ஆளைப் பார்த்து 'இதுகூடத் தெரியாதா' என்று சிரிக்க நமக்கு உரிமை இல்லை.

இரண்டு, முதலில் அவர்கள் கொடுத்த சின்னக் காசு மீனுக்குப் போட்ட இரை. 'எனக்குக் காசு வந்ததே, பொய் என்றால் எப்படி வரும்?' என்று நம் தம்பிமார் கேட்கிறார்கள். அதற்காகத்தான் தம்பி, கொடுத்தார்கள்.

மூன்று, ஒருவர் முறைப்பாடு கொடுத்ததால்தான் 137 பேர் பிடிபட்டார்கள். அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த வீடுகளில் இன்றைக்கும் போன் மணி அடித்துக்கொண்டிருக்கும்.

வங்கிப் புத்தகத்தை இரவல் கொடுக்காதீர்கள்

வெளிநாட்டுக்காரன் நம் ஊரில் களவெடுக்க நம் ஊர் ஆளின் உதவி வேண்டும். அந்த நீர்கொழும்பு விசாரணையில் பேராதனையைச் சேர்ந்த ஒரு தகப்பனும் மகனும் மோசடிக்காரருக்கு உதவி செய்ததாக ஒத்துக்கொண்டார்கள்.

நம் தோட்டத்துப் பொடியன்மாரிடம் இப்போது ஒரு பேச்சு நடக்கிறது. 'உன் பெயரில் ஒரு வங்கிக் கணக்குத் திறந்து ஏ.டி.எம். கார்டை என்னிடம் கொடு, மாசம் மாசம் கொஞ்சம் காசு தருகிறேன்' என்று யாராவது கேட்பார்கள். 'உன் அடையாள அட்டையில் இரண்டு சிம் எடுத்துக் கொடு' என்பார்கள். சும்மா கிடைக்கும் காசு மாதிரித் தெரியும். ஆனால் எங்கேயோ ஒரு தாய் பறிகொடுத்த காசு உன் கணக்கில்தான் வந்து விழும். பொலிஸ் தேடும்போது அவன் பெயர் எங்கேயும் இருக்காது. உன் பெயர், உன் அடையாள அட்டை, உன் கையெழுத்துத்தான் இருக்கும். பெற்றோர் இதை இன்றைக்கு இரவே பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

இன்னொரு பழக்கம் நம் தாய்மாரிடம் உண்டு. கடைக் கடனுக்கோ வட்டிக் காசுக்கோ ஏ.டி.எம். கார்டை ஈடாக வைத்து, பின் நம்பரையும் சொல்லிக் கொடுப்பது. சம்பளம் விழுந்ததும் அவர்கள் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தருகிறார்கள். எவ்வளவு எடுத்தார்கள் என்று கேட்க நம் கையில் ஒரு துண்டு இல்லை. நெருக்கடி இல்லாமல் யாரும் கார்டைக் கொடுக்கமாட்டார்கள் என்பது நமக்குத் தெரியும். அப்படிக் கொடுத்தவர்கள் தோட்டத் தலைவரிடமோ மாதர் தலைவியிடமோ தனியாகச் சொல்லுங்கள். கடனை எழுத்தில் கணக்குப் பார்த்து, தவணை பேசி, கார்டை மீட்டுத் தர வழி பார்ப்போம்.

ஐந்து பேரைச் சேர்த்தால் காசு

மத்திய வங்கி ஒரு பட்டியல் வெளியிட்டிருக்கிறது. 'ஒன்மெக்ஸ் டி.டி.', 'எம்.டி.எப்.ஈ.', 'ஸ்போர்ட் செயின்' மாதிரிப் பெயர்கள் அதில் உண்டு. எல்லாம் பிரமிட் திட்டம் என்று தீர்மானித்துத் தடை செய்தவை. வங்கிச் சட்டத்தின் 83-சி பிரிவின்படி இப்படியான திட்டத்தை நடத்துவது மட்டும் குற்றம் இல்லை. அதற்கு ஆள் சேர்ப்பதும் விளம்பரம் செய்வதும் குற்றம். சிறையும் உண்டு, அபராதமும் உண்டு.

இதைக் கரும்பலகையில் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 5 பேரைச் சேர்க்கவேண்டும். அந்த 5 பேரும் ஆளுக்கு 5 பேர் என்றால் 25. பிறகு 125, 625, 3,125. ஆறாவது சுற்றில் 15,625 பேர். பத்தாவது சுற்றில் 97 இலட்சத்தைத் தாண்டும். பதினோராவது சுற்றுக்கு 4 கோடியே 88 இலட்சம் பேர் வேண்டும். இலங்கையில் பிறந்த குழந்தையையும் சேர்த்து எண்ணினாலும் 2 கோடி 20 இலட்சம் பேர்தான். அப்படியென்றால் இந்தத் திட்டம் முறிவது நிச்சயம். முறியும்போது கடைசியாகச் சேர்ந்தவர்கள் எல்லோரும் காசை இழப்பார்கள். கடைசியாகச் சேர்பவர்கள் யார்? விஷயம் கடைசியாக வந்து சேரும் நம் லயத்துச் சனம்தான்.

இதில் காசைவிடப் பெரிய நட்டம் ஒன்று உண்டு. நம்மைச் சேர்ப்பவர் வெளியாள் இல்லை. மாமா, மச்சான், கோவில் கமிட்டியில் கூட இருப்பவர், பக்கத்துக் காம்பராக்காரர். திட்டம் முறிந்ததும் உறவும் முறிகிறது. ஒரே லயத்தில் இருந்துகொண்டு முகம் பார்க்காமல் போகிற நிலை வருகிறது. ஒற்றுமைதான் நம் சங்கத்தின் முதல். அதை அழிக்கிற திட்டத்தைத் தோட்டத்துக்குள் விடக்கூடாது.

மத்திய வங்கி ஆளுநரே பேசுகிறார், பிரபலமானவர் பேசுகிறார் என்று வீடியோ வந்தாலும் நம்பாதீர்கள். ஒருவருடைய முகத்தையும் குரலையும் கம்பியூட்டரில் செய்யக்கூடிய காலம் இது. தெரிந்தவர் பெயரில் 'அவசரம், காசு போடு' என்று வட்ஸ்அப்பில் வந்தால், அவருடைய பழைய நம்பருக்கு நீங்களே எடுத்துப் பேசுங்கள். அவருக்கு மட்டும் தெரிந்த வீட்டு விஷயம் ஒன்றைக் கேளுங்கள்.

அஸ்வெசும, தபால், சேமலாப நிதி என்ற பெயரில்

'உங்களுக்கு அஸ்வெசும காசு வந்திருக்கிறது, இந்த லிங்க்கை அழுத்துங்கள்.' 'உங்கள் பொதி தபால் கந்தோரில் நிற்கிறது, முகவரி சரியில்லை, சின்னக் கட்டணம் கட்டுங்கள்.' இந்த மாதிரிச் செய்திகள் பலருடைய போனில் இருக்கும். தபால் திணைக்களம் இப்படி லிங்க் அனுப்பி வங்கிக் கார்டு விபரம் கேட்பதில்லை என்று பலமுறை அறிவித்திருக்கிறது. அஸ்வெசும காசு வங்கிக் கணக்குக்கு நேரே வருகிறது. அதற்கு எந்த லிங்க்கும் அழுத்தத் தேவையில்லை. சந்தேகம் இருந்தால் 1924-க்கு எடுங்கள், இல்லாவிட்டால் பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

ஊழியர் சேமலாப நிதி விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். நம் சம்பளத்தில் 8 வீதம், கம்பனி 12 வீதம், அதோடு நம்பிக்கை நிதிக்கு 3 வீதம். முப்பது வருஷம் உழைத்த ஆளின் மொத்தச் சேமிப்பு அது. ஓய்வு பெறும் நேரத்தில் 'நான் சீக்கிரம் எடுத்துத் தருகிறேன், அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் கொடுங்கள்' என்று இடைத்தரகர் வருவார். தொழில் திணைக்களம் தரகர் வைத்து வேலை செய்வதில்லை. சங்கக் காரியாலயத்துக்கு வாருங்கள். படிவத்தை நாங்கள் நிரப்பித் தருகிறோம்.

ஓ.டி.பி. என்று ஒரு நம்பர் போனுக்கு வருகிறது. அது என்ன என்று பாட்டிமாருக்கும் புரியச் சொல்கிறோம். அது உங்கள் காசுப் பெட்டியின் சாவி. அந்தச் சாவி ஒரே ஒரு தடவை திறக்கும். அதைக் கேட்கிறவர் பெட்டியைத் திறக்கத்தான் கேட்கிறார். வங்கியில் இருந்து பேசுகிறேன் என்றாலும், பொலிஸ் என்றாலும், சங்கத்தில் இருந்து என்றாலும் சொல்லாதீர்கள். உங்கள் சொந்த மகன் பெயரைச் சொல்லிக் கேட்டாலும், மகனுடைய நம்பருக்கு நீங்களே எடுத்துப் பேசுங்கள்.

வட்ஸ்அப்புக்கு வரும் 6 இலக்க நம்பரும் அப்படித்தான். 'தவறி உங்களுக்கு ஒரு நம்பர் வந்துவிட்டது, அதைக் கொஞ்சம் அனுப்புங்கள்' என்பார்கள். அனுப்பினால் உங்கள் வட்ஸ்அப் அவர்கள் கைக்குப் போகும். பிறகு உங்கள் பெயரில் உங்கள் சொந்தக்காரர் எல்லோரிடமும் காசு கேட்பார்கள். இதைத் தடுக்க ஒரு பூட்டு உண்டு. வட்ஸ்அப்பில் 'செட்டிங்ஸ்' போய், 'அக்கவுண்ட்' போய், 'டூ ஸ்டெப் வெரிபிகேஷன்' என்பதைப் போட்டு ஒரு ரகசிய நம்பர் வையுங்கள். கூட்டம் முடிந்ததும் இளைஞர் குழுவினர் வாசலில் மேசை போட்டு உட்காருவார்கள். தெரியாதவர்கள் அங்கே போங்கள். நம்பரை மட்டும் நீங்களே அமத்துங்கள்.

இங்கே மொழிப் பிரச்சினையும் உண்டு. செய்தி சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வருகிறது. வாசிக்கத் தெரியாமல் 'ஓகே' என்று அழுத்திவிடுகிறோம். வாசிக்கத் தெரியாத காகிதத்தில் கைநாட்டு வைக்காதே என்று சங்கம் எத்தனை வருஷமாகச் சொல்கிறது? போனும் ஒரு காகிதம்தான். வாசிக்கத் தெரியாவிட்டால் அழுத்தாதீர்கள். நாளைக்குக் காலையில் பெரட்டில் யாரிடமாவது காட்டிக் கேளுங்கள். உண்மையான செய்தி ஒரு இரவு காத்திருக்கும். 'இப்போதே, 10 நிமிஷத்துக்குள்' என்று அவசரப்படுத்துகிறவன் கள்ளன்.

கடன் செயலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'உத்தரவாதம் வேண்டாம், 5 நிமிஷத்தில் கடன்' என்று வரும். அதைப் போனில் இறக்கும்போது நம் போனில் இருக்கும் நம்பர்களையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்கும். கட்டப் பிந்தினால் அந்த நம்பர்களுக்கெல்லாம் எடுத்து அவமானப்படுத்துவார்கள். இந்தியாவில் தெலங்கானாவில் 2020 கடைசியில் இந்தத் தொல்லை தாங்காமல் சிலர் உயிரையே விட்டார்கள். பிறகுதான் பொலிஸ் அந்தச் செயலிகளின் பின்னால் போனது. நுண்கடன் வலி நம் பெண்களுக்குப் புதிது இல்லை. அந்த வலி இப்போது போனுக்குள்ளும் வந்திருக்கிறது.

அடையாள அட்டை வெறும் அட்டை இல்லை

பழைய அடையாள அட்டை நம்பரைப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருஷம். அடுத்த மூன்று இலக்கம், அந்த வருஷத்தில் எத்தனையாவது நாள் பிறந்தீர்கள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். 85532 என்று தொடங்கினால், 1985 பெப்ரவரி 1-ஆம் திகதி பிறந்த பெண் என்று எங்களால் சொல்ல முடியும். புதிய 12 இலக்க நம்பரிலும் இதே முறைதான், வருஷம் மட்டும் முழுதாக இருக்கும். உங்கள் நம்பரைப் பார்த்த எவருக்கும் நீங்கள் பிறந்த திகதி தெரிந்துவிடுகிறது. அப்படியிருக்க ஏ.டி.எம். கார்டுக்குப் பிறந்த திகதியைப் பின் நம்பராக வைத்தால், வாசலைப் பூட்டிச் சாவியைத் திண்ணையில் வைத்த மாதிரி.

டவுனில் கொமியுனிகேஷன் கடையில் கொப்பி எடுக்கிறோம், விண்ணப்பம் போடுகிறோம். அட்டையைப் படம் பிடித்து அவர்களுடைய வட்ஸ்அப்புக்கு அனுப்புகிறோம். வேலை முடிந்ததும் 'தம்பி, அந்தப் படத்தை அழித்துவிடுங்கள்' என்று கேளுங்கள், முன்னால் நின்று பாருங்கள். கொப்பி கொடுக்கும்போது அதன் மேல் குறுக்காக, என்ன வேலைக்கு, எந்தத் திகதி என்று பேனையால் எழுதுங்கள். 'சேமலாப நிதிக்கு மட்டும்' என்று எழுதிய கொப்பியை வைத்துச் சிம் எடுக்க யோசிப்பார்கள்.

நாம் கவனமாக இருந்தாலும், நம் விபரத்தை வைத்திருக்கும் இடங்கள் கவனமாக இருக்கவேண்டும். 2023 ஓகஸ்டில் அரசாங்கத்தின் மின்னஞ்சல் தொகுதியைத் தாக்கினார்கள். சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம். மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போய்விட்டன, ஏனென்றால் அந்தக் காலத்துக்கு மாற்றுப் பிரதி எடுத்து வைக்கவில்லை. அரசாங்கத்துக்கே அந்த நிலை. இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு: சம்பளத் துண்டு, சேமலாப நிதிக் கடதாசி, பிறப்புச் சான்றிதழ், வேலைக்குச் சேர்ந்த கடிதம் எல்லாவற்றையும் நனையாத உறையில் போட்டுப் பத்திரமாக வையுங்கள். கம்பியூட்டரில் இருக்கிறது என்று கம்பனி சொன்னாலும், நம் கையில் ஒரு பிரதி இருக்கட்டும்.

பல இடங்களில் வேலைக்கு வந்ததைப் பதியக் கைரேகை எடுக்கிறார்கள், கொழுந்தை டிஜிட்டல் தராசில் நிறுக்கிறார்கள். இயந்திரத்தை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் பின் நம்பர் களவு போனால் மாற்றலாம், விரல் ரேகையை மாற்ற முடியாது. அதை யார் வைத்திருக்கிறார்கள், எங்கே வைத்திருக்கிறார்கள், வேலையை விட்டுப் போன ஆளின் ரேகையை அழிக்கிறார்களா என்று கேட்க நமக்கு நியாயம் உண்டு. 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. கைரேகை மாதிரியான விபரங்களுக்கும் பிள்ளைகளின் விபரங்களுக்கும் அது கூடுதல் காவல் சொல்கிறது. அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டியிருந்தது, பிறகு தள்ளிப்போட்டார்கள். சட்டம் தள்ளிப்போனாலும் கேள்வி கேட்பதை நாம் தள்ளிப்போட வேண்டியதில்லை.

வெளிநாட்டு வேலை என்ற தூண்டில்

தாய்லாந்தில் கம்பியூட்டர் வேலை, நல்ல சம்பளம் என்று பேஸ்புக்கில் விளம்பரம் வருகிறது. அதை நம்பிப் போன நம் நாட்டுப் பிள்ளைகளை எல்லை தாண்டி மியன்மாரில் மியாவடி என்ற இடத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே முகாமில் அடைத்து, மற்றவர்களைப் போனில் ஏமாற்றும் வேலையைச் செய்ய வைத்தார்கள். மறுத்தவர்களை அடித்தார்கள். 2024-ல் ஐம்பதுக்கு மேற்பட்ட இலங்கையர் அப்படிச் சிக்கியிருந்தார்கள். பலரை அரசாங்கம் பேசி மீட்டது. நம்மை ஏமாற்ற எடுக்கும் அந்தப் போனின் மறுமுனையில் அடிவாங்கிக்கொண்டு பேசுகிற ஒரு பிள்ளையும் இருக்கலாம்.

ஏஜென்சி பெயர் சொன்னால், அதற்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 நம்பரில் கேளுங்கள். சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகச் சொன்னால் கால் எடுத்து வைக்காதீர்கள்.

பெண் பிள்ளைகளின் போன்

இது கஷ்டமான விஷயம், ஆனாலும் பேசத்தான் வேண்டும். பழகிய பையனோ, பேஸ்புக்கில் வந்த முகம் தெரியாத ஆளோ, ஒரு படத்தை வாங்கிவிட்டு 'காசு தா, இல்லாவிட்டால் உன் தோட்டத்துக்கே அனுப்புவேன்' என்று மிரட்டுகிறான். சில நேரம் படமே அனுப்பாத பிள்ளையின் முகத்தை வெட்டி ஒட்டிப் பொய்ப் படம் செய்கிறார்கள். பிள்ளை யாரிடமும் சொல்வதில்லை. பள்ளிக்கூடம் வருவதை நிறுத்துகிறது, சாப்பாட்டை நிறுத்துகிறது. வகுப்பில் இருக்கும் எங்களுக்கு அந்த மாற்றம் தெரியும்.

பிள்ளை ஏன் சொல்வதில்லை? சொன்னால் முதல் அடி வீட்டில்தான் விழும் என்று அதற்குத் தெரியும். போனைப் பிடுங்குவார்கள், படிப்பை நிறுத்துவார்கள், அவசரமாகக் கல்யாணம் பேசுவார்கள். மிரட்டுகிறவனுக்கு நம்முடைய இந்தக் கோபம்தான் ஆயுதம். அதை அவன் கையிலிருந்து பிடுங்கவேண்டும். தகப்பன்மாரே, அண்ணன்மாரே, 'என்ன நடந்தாலும் என்னிடம் வந்து சொல், உன்னை அடிக்கமாட்டேன்' என்று ஒரு தடவை உங்கள் வாயால் சொல்லிவையுங்கள். குற்றம் செய்தவன் மிரட்டுகிறவன். காசு கொடுக்காதீர்கள்; கொடுத்தால் மறுபடியும் கேட்பான். செய்திகளை அழிக்காதீர்கள்; அதுதான் சாட்சி. பிள்ளை என்றால் 1929, பெண் என்றால் 1938. மாதர் தலைவிமார் கூட வருவார்கள்.

நடந்துவிட்டால் என்ன செய்வது

முதல் ஒரு மணித்தியாலம் பொன்னான நேரம். அழுவதற்கும் ஏசுவதற்கும் பிறகு நேரம் இருக்கிறது.

முதலில் ஏ.டி.எம். கார்டின் பின்பக்கம் இருக்கும் வங்கி நம்பருக்கு எடுத்து, கார்டையும் கணக்கையும் நிறுத்தச் சொல்லுங்கள். அந்த நம்பரை இன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

அடுத்து வந்த செய்தி, பேசிய நம்பர், காசு போட்ட கணக்கு, எல்லாவற்றையும் 'ஸ்கிரீன் ஷொட்' எடுத்து வையுங்கள். ஒன்றையும் அழிக்காதீர்கள்.

பிறகு பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு. குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தில் கணினிக் குற்றங்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. 2007-ஆம் ஆண்டின் 24-ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டமும் இருக்கிறது. பேஸ்புக், வட்ஸ்அப் களவு போனால் இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101-க்கு எடுங்கள். வங்கி உங்கள் முறைப்பாட்டைக் கவனிக்காவிட்டால் மத்திய வங்கியின் 1935.

நம் மாகாணத்தில் பொலிஸ் நிலையம் என்றாலே சனத்துக்குத் தயக்கம். சிங்களத்தில் எழுதுவார்கள், என்ன எழுதினார்கள் என்று தெரியாமல் கையெழுத்து வைப்போம். தமிழில் முறைப்பாடு கொடுப்பது அரசியலமைப்பு தந்த உரிமை. தனியாகப் போனால் அந்த உரிமையைக் கேட்கப் பயம் வரும். அதனால் தனியாகப் போகவேண்டாம். சங்கத்தில் சொல்லுங்கள், ஒருவர் கூட வருவார்.

காசு திரும்பி வருமா என்று கேட்பீர்கள். சீக்கிரம் சொன்னால் சில நேரம் பிடித்து நிறுத்தலாம். பிந்தினால் கஷ்டம். ஆனால் நீங்கள் சொன்னால், அடுத்த லயத்து ஆள் தப்புவார்.

சங்கம் செய்யவேண்டியது

இன்றைக்கு நான்கு தீர்மானங்களை உங்கள் முன்னால் வைக்கிறோம்.

ஒன்று, ஒவ்வொரு தோட்டக் கமிட்டியிலும் ஒரு பெண், ஓர் ஆண் என்று இரண்டு பேரை 'போன் காவலர்' என்று தெரிவு செய்வோம். சந்தேகமான செய்தி வந்தால் சனம் அவர்களிடம் காட்டலாம். அவர்கள் யாருடைய பின் நம்பரையும் ஓ.டி.பி.யையும் கேட்கக்கூடாது. வந்து சொன்னவரின் பெயரை வெளியில் பேசக்கூடாது.

இரண்டு, சம்பள நாளுக்கு முதல் நாளும், தீபாவளி முற்பணம் கிடைக்கும் வாரத்திலும் பெரட்டுக் களத்தில் 5 நிமிஷம் இதைப் பற்றிப் பேசுவோம். காசு வரும் நாள் நமக்குத் தெரிவது போலக் கள்ளனுக்கும் தெரியும்.

மூன்று, கைரேகையையும் சம்பள விபரத்தையும் எப்படிக் காக்கிறார்கள் என்று எல்லாத் தோட்ட நிர்வாகத்துக்கும் எழுத்தில் கேட்போம். பதில் தமிழில் வேண்டும். நம் சங்க உறுப்பினர் படிவங்களும் பூட்டிய அலுமாரியில்தான் இருக்கவேண்டும். அதன் படம் எந்த வட்ஸ்அப் குழுவிலும் போகக்கூடாது. கம்பனியிடம் கேட்பதை முதலில் நம் வீட்டில் செய்து காட்டுவோம்.

நான்கு, ஏமாந்த எவரையும் கேலி செய்வதில்லை என்று இன்றைக்குக் கை உயர்த்துவோம். இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் மற்ற மூன்றும் இதன் மேல்தான் நிற்கின்றன. கேலிக்குப் பயந்தவர் சொல்லமாட்டார். அவர் சொல்லாவிட்டால் கமிட்டியும் காவலரும் இருந்து என்ன பயன்?

தோழர்களே, 1,350 ரூபாயை ஒருவரும் நமக்குத் தானமாகத் தரவில்லை. கூட்டமாக நின்று வாங்கினோம். ஏமாற்றுகிறவன் நம்மை ஒவ்வொருவராக, இரவு நேரத்தில், காம்பராவுக்குள் தனியாக இருக்கும்போதுதான் பிடிக்கிறான். 'யாரிடமும் சொல்லாதே' என்பதுதான் அவன் சொல்லும் முதல் வார்த்தை. நாம் சொல்லவேண்டிய வார்த்தை, 'இரு, பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டுவிட்டு வருகிறேன்' என்பதுதான்.

இப்போது தீர்மானங்களுக்குக் கை உயர்த்துங்கள். பிறகு எல்லோரும் வாசல் மேசைக்குப் போய் வட்ஸ்அப்புக்குப் பூட்டுப் போட்டுவிட்டு பஸ் ஏறுங்கள்.